மக்னோலியாவுக்கு யார் பேர்

டாம்சினுக்குப் பொறாமைப்படத் தெரியுமே தவிர, அதை மறைக்கத் தெரியாது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மீன் பெட்டி கட்டும் கொட்டகையில் முப்பத்தைந்து வருஷம் நின்று வேலை செய்தவள். கூட நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் வயிற்றெரிச்சலின் பெயர் தெரியும். திர்சா.

திர்சா, லான்கேரோ பங்களாத் தோட்டத்தில் டீக்கடை நடத்துபவள். டாம்சினின் புருஷன் ஜாகோ அதே தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரன். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டாம்சின் அங்கே போனாள். "தங்கம், டீ ஆறிப்போகுது பாரு" என்று திர்சா அவனைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. அந்த ஊர்ப் பேச்சில் தபால்காரரும் தங்கம், பல் பிடுங்குகிறவரும் தங்கம். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் சுருக்கென்றது. "அவ இருக்கிற இடத்துல என் கால் படாது" என்றவள், முப்பத்தொரு வருஷம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

மனசு மட்டும் அங்கேயேதான் கிடந்தது. காரணம் ஒரு மரம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஜாகோ தன் கையால் மகரந்தம் தடவி, விதை எடுத்து, போட்டு வளர்த்த மக்னோலியா. பூத்தால் அவனே பேர் வைக்கலாம் என்று பங்களாத் துரையம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். யார் பேர் என்று டாம்சின் கேட்டதே இல்லை. இதைக் கேட்கவும் வேண்டுமா?

இந்த மார்ச்சில் மரம் பூத்துவிட்டது. பேரும் வைத்தாயிற்று, திங்கட்கிழமை செடிப் பேர்ப் பதிவுக்குப் போகிறது என்று சொன்ன ஜாகோ, சூப்புக் கிண்ணத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்தாள் டாம்சின். ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கத் தோட்டம் பார்க்கப் போகிற நாளில், முடியைச் சுருட்டிக்கொண்டு, நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவனிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கிளை கிளையாக ரோஸ் நிறப் பூக்கள், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். சுற்றி நின்ற கூட்டம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. டாம்சின் பூவைப் பார்க்கவில்லை. குனிந்து, தண்டின் அடியில் குத்தியிருந்த தகட்டைப் பார்த்தாள். ஜாகோவின் கையெழுத்து. 'திர்சா'.

தகட்டைப் பிடுங்கினாள், மண்ணோடு.

"ஜாகோ!"

நாலு புதர் தள்ளி யாருக்கோ வழி காட்டிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான்.

"என்ன டாம்சின் இது? கூட்டத்துல..."

"கூட்டம் கேட்கட்டும்! உன்கூடக் குடும்பம் நடத்துனவ நானா, அவளா?"

"மெதுவாப் பேசு."

"பேச மாட்டேன். நாளைக்கு இந்தப் பேர் பதிவுக்குப் போகுதாமே? பதிஞ்சுட்டா எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாதாமே? இப்பவே மாத்து."

ஜாகோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மூணாவது வருஷம் கடும்பனி அடிச்சுது, ஞாபகம் இருக்கா? நான் காய்ச்சல்ல கிடந்தேன். கன்னு முழங்கால் உயரம்தான். போய்ச் சாக்கு போர்த்திட்டு வான்னு உன்னைத்தான் கேட்டேன். அவ முகத்துல முழிக்க மாட்டேன்னுட்ட. திர்சா கடை மேஜைத்துணி பூராத்தையும் உருவிட்டு வந்து சுத்தினா. அதுக்கப்புறமும் எட்டு குளிர்காலம் அவதான் போர்த்தினா. வந்து பாரு, வந்து பாருன்னு வருஷா வருஷம் உன்னைக் கூப்பிட்டேனே, ஒரு நாள் வந்தியா?"

அந்தக் காய்ச்சல் டாம்சினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அதற்குள் சத்தம் கேட்டு திர்சாவே வந்துவிட்டாள். மெலிந்து, கூன் விழுந்து, ஏப்ரனில் மாவு அப்பியபடி. இவளையா இத்தனை வருஷம் நினைத்து எரிந்தோம் என்று டாம்சினுக்குத் திக்கென்றது.

திர்சாவுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "ஐயய்யோ, என் பேர் எதுக்குத் தங்கம்? நான் கேக்கவே இல்லையே. ஜாகோ, டாம்சின் பேரையே வெச்சிடுப்பா. அவங்க சந்தோஷமா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாளே, பாவி! வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் இவள் போட்ட பிச்சை. வாங்காவிட்டால் மரம் இவளுடையது. டாம்சின் கையில் இருந்த தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முட்டி போட்டு, பழைய குழியிலேயே அதைக் குத்தி, சுற்றிலும் மண்ணை அமுக்கினாள். நீலக் கோட்டு பூராவும் சேறு.

"உன் பேரே இருக்கட்டும்" என்றாள். குரலில் அன்பெல்லாம் ஒன்றும் இல்லை.

திர்சா கடைக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் பூக்காதது ஏதாவது இருக்கா?"

"வடக்குச் சுவர் ஓரமா ஒண்ணு. நாலு வயசு. பூக்க இன்னும் இருபது வருஷமாவது ஆகும், டாம்சின்."

அவளுக்கு அறுபத்தாறு நடந்துகொண்டிருந்தது.

"அதுக்கு யார் சாக்கு போர்த்துறா?"

ஜாகோ தயங்கினான். "திர்சாதான்."

"இனிமே அவ கை அதுல படக்கூடாது" என்றாள் டாம்சின். "சாக்கு எங்க இருக்குன்னு காட்டு."