ரதோய்காவின் ரப்பர் ஷூ

ரதோய்காவுக்கு இரண்டு பெருமை. ஒன்று, குடமிளகாயைச் சுட்டு அரைத்து அவள் கிளறும் அய்வர் என்னும் தொக்கு. இன்னொன்று, அதற்கான அடுப்பு எரியத் தோட்டக் கொட்டகைக்குக் கணவன் மிலோயே தன் கையாலேயே இழுத்துக் கொடுத்த கரண்ட். வீட்டிலிருந்து பிளம் மரத்தின் வழியாகத் தொங்கிக்கொண்டு போகும் அந்த ஒயர். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அதன்மேல் யாரையும் கை வைக்க அவள் விடவில்லை.

கொழுந்தன் திஹோமிர் எலக்ட்ரீஷியன். வரும்போதெல்லாம் மேலே பார்த்து முகம் சுளிப்பான்.

"அண்ணி, இது கரண்ட் லைனா, துணி காயப்போடுற கொடியா?"

"உங்கண்ணன் போட்டது தம்பி. இத்தனை வருஷத்துல யாருக்கு என்ன ஆச்சு? வாயை மூடிக்கிட்டு ரக்கியாச் சாராயத்தைக் குடி."

நாய் காரோவ் மட்டும் அடுப்பு எரிந்தால் கொட்டகையின் ஈர வாசலைத் தாண்டாது. அதற்கு மிளகாய்ப் புகை ஆகாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இந்தச் செப்டம்பரில் மிளகாய் சுட உதவிக்கு வந்தாள் பக்கத்து வீட்டு வேரித்சா. மழைச் சேறு அப்பிய செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து இரும்பு அடுப்பைத் தொட்டாள். அடுத்த நொடி மிளகாய்க் கூடைமேல் கிடந்தாள். உயிர் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

திஹோமிர் ஓடிவந்து பிளக் பாயிண்டைத் திறந்தான்.

"எர்த்தே கிடையாது அண்ணி. அண்ணன், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயரையே எர்த் பின்னுல முறுக்கி விட்டிருக்கான். அப்போ ஊரே இப்படித்தான் கட்டுச்சு. மரத்துல இருக்கிற ஜாயின்ட் வேற இளகிப்போச்சு. அது விட்டுப்போறப்பல்லாம் அடுப்பு முழுக்கக் கரண்ட் பாயும், ஈரத் தரையிலயும் கசியும். உங்களுக்கு ஒருநாளும் ஷாக் அடிக்கலயா?"

ரதோய்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ரப்பர் ஷூ.

கொட்டகைக்குக் கிளம்பும்போதெல்லாம் மிலோயே கத்துவான்: "ஷூவைப் போடுடி, தரை ஈரம்!" கால் குளிர்ந்தால் சிறுநீரகம் கெடும் என்று இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த அக்கறைதான் என்று நம்பி, அவன் செத்த பிறகும் அவள் ஷூ இல்லாமல் உள்ளே போனதில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி," என்றாள். "ஒயரை மாத்தச் சோம்பல்பட்டுக்கிட்டு என்னை ஷூ போட வெச்சிருக்கான்." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன்மேல் இருந்த பிரியம் மட்டும் போய்த் தொலையவில்லை. "அந்த ஒயரை அறுத்துப் போடு."

திஹோமிர் பள்ளம் தோண்டி, குழாய்க்குள் புது ஒயர் புதைத்தான். எர்த் கம்பி இறக்கினான். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் தனி ட்ரிப்பர் ஒன்றைக் கொட்டகைக்கென்று வைத்தான். டெஸ்டரை அடுப்பில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான்.

ரதோய்கா ஷூவைக் கழற்றினாள். ஈரத் தரையில் நடந்துபோய், எரியும் அடுப்பின் கைப்பிடியைப் பிடித்தாள். ஷாக் அடிக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் காரோவ் மெல்ல வாசலைத் தாண்டி வந்து அவள் காலடியில் படுத்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் தெரிஞ்சிருக்குடா," என்றாள். "எனக்குத்தான் யாரும் சொல்லல."