பெண்களிடம் வாங்காத சத்தியம்

எங்கள் குப்பத்தில் தேர்தல் என்பது ஓட்டுப் போடும் நாளில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் வாசலிலேயே நடந்து முடிந்துவிடும். ஊர்ப் பெரியதனக்காரர் தாம்பாளத்தில் சூடம் ஏற்றுவார். வீட்டுக்கு ஓர் ஆண் முன்னால் வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "ஊரு சொல்ற ஆளுக்குத்தான் எங்கூட்டு ஓட்டு" என்று சத்தியம் செய்வான். பெண்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அறுபதுகளின் நடுவில் வந்த பஞ்சாயத்துத் தேர்தலுக்கு என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சூடம் அடித்தார். நான் ஆரம்பாக்கத்து நெல் வயல் பக்கத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தண்ணீரைக் கண்டாலே எனக்குப் பயம். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை பிரிக்கும். அதைப் பாடு என்போம். சத்தியத்தை மீறிய வீட்டுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லையென்றால் அடுப்பு எரியாது. இது மனிதர்கள் கொடுக்கும் தண்டனை. அம்மன் கொடுப்பது வேறு. சூடத்தில் கை வைத்துவிட்டு மீறியவன் தண்ணீரிலேயே செத்துப்போவான் என்றார்கள். நான் நம்பினேன். இப்போதும் முழுசாக நம்பாமல் இல்லை, சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஊர் சொன்ன ஆள் எங்கள் இறாலையெல்லாம் எடுக்கும் வியாபாரி. குடைச் சின்னம். கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். எதைக் கேட்டாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாண்டி ஒரு பதிலை அவரிடமிருந்து வாங்கியவர்கள் யாருமில்லை. எதிர்த்து நின்றவருக்கு ஏணிச் சின்னம். வயல் தாண்டி இருந்த காலனியைச் சேர்ந்த கிறிஸ்தவர்; அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். "காலனிக்காரனுக்கு நம்ம ஊரு ஓட்டா?" என்பதோடு ஆண்கள் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு அப்படி முடியவில்லை. காலரா வந்த வருஷம் ஆண்கள் ஏரியில் கிடக்க, பொன்னேரிக்குப் போய் ஊசி போடுகிறவர்களைக் கையோடு கூட்டி வந்தவர் அந்தக் காலனிக்காரர்தான். கடைசிப் பிள்ளைக்கு ஊசி போடும்வரை அவர்களை நகரவிடவில்லை. வரிசையில் பிள்ளைகளோடு நின்றது நாங்கள்தானே.

இறால் ஆய்ந்துகொண்டிருந்தபோது என் ஓரகத்தி, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சத்தியம் ஆம்பளைங்க பண்ணது. நம்ம கையி எங்க பட்டுச்சு?"

எல்லாரும் அடுத்த இறாலை எடுத்தோம். பக்கத்தில் இருந்தவளை நம்பலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓட்டுச் சீட்டை வாங்கி, முத்திரைக் கட்டையை அவசரமாக எடுத்ததில் மை என் புடவையிலும் பட்டது. ஏணியில் குத்தினேன். வெளியே வந்ததும் மைக்கறையை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஓடாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பெட்டியைப் பிரித்தால் ஏணிக்கு ஒன்றிரண்டு விழுந்திருக்கும், அது நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று செத்துக்கொண்டிருந்தேன். பிரித்தார்கள். பாதிக்குப் பாதி ஏணி. காலனிக்காரர் ஜெயித்துவிட்டார்.

மறுநாளே ஊர் கூடியது. பெரியதனக்காரர் முகம் கறுத்திருந்தது. சூடத்தை ஏற்றி, இந்தத் தடவை பெண்களைக் கூப்பிட்டார். குடைக்குத்தான் போட்டோம் என்று ஒவ்வொருத்தியும் அடித்துச் சொல்ல வேண்டுமாம். முதலில் நின்றது அவருடைய மனைவியே.

அந்தம்மா சூடத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "சத்தியம்னா மின்னாடி வாங்கணும். எல்லாம் முடிஞ்சப்புறம் இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டார். சூடம் தானாக எரிந்து அணைந்தது. எல்லா வீட்டுக்கும் பாட்டை நிறுத்தினால் ஏரியில் யார் வலை போடுவது? ஊர் கலைந்தது.

ஜெயித்தவர் எங்கள் உப்புத் தண்ணீர் ஊரில் நல்ல தண்ணீருக்கு இடம் தேடித் தேடி ஒரு கிணறு தோண்டவைத்தார். வேலை சுணங்கினால் ஒளிந்துகொள்ள மாட்டார். நேரே வந்து ஏன் சுணங்கியது என்று சொல்லி, திட்டையும் வாங்கிக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர் அந்தக் கிணற்றுக்கு மண் சுமந்தார்.

எழுபதில் அடுத்த தேர்தல் வந்தது. அதே குடை, அதே ஏணி. பெரியதனக்காரர் பாடம் கற்றிருந்தார். ஆண்களோடு பெண்களையும் வரிசையில் நிறுத்தினார். ஓரகத்தி அடித்தாள். பெரியதனக்காரரின் மனைவியும் அடித்தார். நானும் அடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் அடித்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். கை பட்ட பிறகு எங்களுக்கு ஏது ஓட்டு? எல்லாரும் குடையில் குத்தினோம். வியாபாரி ஜெயித்தார்.

எங்கள் பெட்டியில் மட்டும் ஏணிக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. அது எந்த வீடு என்று தேடிக் கொண்டுவந்து நிறுத்தும்வரை விடுவதில்லை என்றார் பெரியதனக்காரர்.

மறுநாள் எங்கள் பாடு. படகில் வலையை ஏற்றியபடி என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த ஒன்னு என்னுதுதான் மே."

"சூடம் அடிச்சியேய்யா! இன்னாய்யா பண்ணிட்டு வந்துகிற?"

"அந்தாளு தோண்டின தண்ணிய குடிச்சிக்கினு குடையில எப்பிடி குத்துவேன்? கைதான் வரல."

கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். போகாதே என்று கத்தியிருக்கலாம். கத்தினால் கரையில் நின்ற நாலு பேரும் ஏன் என்று கேட்பார்கள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, படகு சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியும் நகரவில்லை. அந்த ஓட்டு நான் போட்டது, என்னை எடுத்துக்கொள் என்று அம்மனிடம் திரும்பத் திரும்பப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.