வான்கூவரில் ஓர் எரிமலை

ஜப்பானின் தெற்கே, எரிமலை ஒன்று ஓயாமல் புகைவிடும் ககோஷிமாவுக்கு ஐந்து நாள் போய்வர நானும் கணவரும் டிக்கெட் எடுத்தோம். அம்மாவிடம், வேலை விஷயமாக வான்கூவருக்குப் போவதாகச் சொன்னேன். போன மாதம்தான் அம்மாவுக்குக் கண்ணில் ஓப்பரேசன். அழக்கூடாது, பிரஷர் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகள் எரிமலை பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தால் இரண்டும் நடக்கும். ரொறன்ரோவில், அம்மாவின் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் தங்கச்சியைத் துணைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

போன இடத்தில் நிம்மதி எங்கே? கடலுக்கு அப்பால் மலை உறுமும்போதெல்லாம் கணவர் கமராவைத் தூக்கினார், நான் போனைப் பார்த்தேன். ரொறன்ரோவில் செய்தியில் காட்டி, தங்கச்சி வாய்தவறி உளறிவிட்டால்? ஒரு காலை, கடற்கரையின் சுடுமணலில் எங்களைக் கழுத்துவரை புதைத்துவிட்டார்கள். அது அந்த ஊர்க் குளியல். பக்கத்தில் கணவர் சுகமாகக் கண்ணை மூடிக் கிடந்தார். எனக்கோ லொக்கரில் வைத்த போன் அடிப்பதுபோலவே இருந்தது. பத்து நிமிடம் கிடக்கச் சொன்னவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் நிமிடமே மணலை உதறிக்கொண்டு ஓடினேன்.

அம்மாதான் கோல் எடுத்திருந்தார். உடனே திருப்பி எடுத்தேன்.

“அங்க மழையெண்டு டிவியில காட்டினவங்கள். குடை கொண்டுபோனனியோ?”

“ஓம் அம்மா,” என்றேன், வியர்வை வழிய.

திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேரே அம்மாவிடம் போனேன். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், ஊத்தை உடுப்பைத் தோய்க்கவென்று அம்மா என் பெட்டியைத் திறந்துவிட்டார். வீதியோரத்தில் ஆசைக்கு அள்ளி, சின்னப் பையில் போட்டுவந்த எரிமலைச் சாம்பல் அவர் கையில் இருந்தது. மகள் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தோடு சாமிப்படத்தின் முன் நின்று, மூன்று விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கண்ணாடித் தூள் மாதிரியான சாம்பல் அது, கண்ணில் பட்டால் கீறிவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

“அம்மா, பூசாதேங்கோ! உது திருநீறில்லை, எரிமலைச் சாம்பல்!” பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“வான்கூவரில எரிமலையோ?”

ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் ஒரு தூசிகூடப் படவில்லை. நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா சாமிப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அஞ்சு நாளும், வான்கூவரில நிக்கிற பிள்ளையைக் காப்பாத்து எண்டெல்லோ நான் கும்பிட்டனான்?” என்றார்.

அழக்கூடாத அந்தக் கண் நிறைந்துவிட்டது.