தவக்காலத்து நீர் மாத்திரை

“மாத்திரை குடுக்க வந்தவளுக்கு வாய் எதுக்குடி இவ்ளோ நீளம்? வந்தமா, குடுத்தமா, அடுத்த வூட்டுக்குப் போனமான்னு இரு!”

மாதாமாதம் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணிப்பெண்ணை இப்படித்தான் விரட்டினேன். அவள் கேட்டதில் தப்பில்லை. “ஏன் ஆயா, நீர் மாத்திரைன்னா எல்லாரும் ஓடி ஒளியறாங்க, நீங்க மட்டும் ஒரு நாளும் தவற வுடறதில்லையே?” என்றாள். விழுங்கிய மாத்திரையின் கசப்பு நாக்கிலேயே நின்றது.

எனக்குப் பத்து வயதில், அப்பாவுக்கு இருதயம் வீங்கியிருப்பதாகத் தருமபுரி டாக்டர் சொல்லி, உடம்பில் தேங்கும் நீரை மூத்திரமாக இறக்க, தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை கொடுக்கச் சொன்னார். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாலும் வீட்டில் எழுத்தறிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அது என் பொறுப்பானது. விழுங்கிய அரை மணியில் அப்பா ஒதுங்க ஓடுவார். சோளக்காட்டில் ஓடினால் யாருக்குத் தெரியும்? தவக்கால வெள்ளிகளில்தான் மானம் போயிற்று. காலைச் சிலுவைப்பாதையில், பதினான்கு தலத்திலும் ஊரே முட்டிபோட்டுச் செபிக்கும்போது, சிலுவையைப் பிடித்து முன்னால் நிற்கவேண்டிய மனிதர் அதைப் பக்கத்து ஆள் கையில் திணித்துவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் போவார்.

“உங்கப்பாவுக்கு மட்டும் பதினஞ்சாவது தலம் ஒண்ணு இருக்குதாடி?” என்று என் கூட்டாளி லூர்து கேட்க, பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஊரையே கேலி செய்து திரிந்த எனக்கு, என் மேல் விழுந்த கேலி தாங்கவில்லை.

அடுத்த வெள்ளி அப்பாவிடம் சொன்னேன்: “ஒருசந்தி நோன்பு நாள்ல மாத்திரையும் ஆகாதாம்ப்பா. சாமியாரு சொன்னாரு.”

“அப்பிடியா? நல்லதாப் போச்சு கண்ணு” என்று அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை நோன்பைப் புதனுக்கும் நீட்டினேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நீட்டினேன். பெரிய வாரத்தில் ஏழு நாளும் ஒருசந்தி என்றேன்; அவரும் நம்பினார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பெரிய வெள்ளியன்று ஐந்தாவது தலத்தில் சிலுவையோடு உட்கார்ந்தவர், மூச்சுக்குத் தவித்து, எழவே இல்லை.

வாடகைக் காரில் தூக்கிப்போட்டுத் தருமபுரிக்கு ஓடினோம். “மாத்திரையை ஒழுங்கா குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“எம்பொண்ணு ஒரு நாளும் தவற வுடலீங்க” என்றாள் அம்மா.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “நாந்தாங்க… புள்ளைக்குத் தெரியாம துப்பிட்டேன்” என்று மூச்சிரைக்கச் சொன்னார். வார்டு முழுக்கக் கேட்கும்படி டாக்டர் அவரைத் திட்டினார். நான் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த முறை பிழைத்து வந்து, ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று கோயிலுக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை இருக்கிறது. போய்வர யாரும் வெட்கப்படுவதில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கிற லூர்தும் இல்லை, மன்னிப்புக் கேட்க அப்பாவும் இல்லை.

மாத்திரையை மறைத்ததைக்கூடச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அன்று ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம், கட்டிலில் கிடந்தவர் காதில் விழும்படி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நான் சொன்னேன்:

“எங்கப்பாவுக்குப் பொறுப்பே இல்லீங்க. நான் கையில குடுக்கறேன், அவரு துப்பிடறாரு.”