பாஞ்சாலி அடைத்த ஓட்டை

பாஞ்சாலிக்கு மானாம்பதி காலனி. கல்யாணமான வருஷத்திலிருந்து சித்தாள் வேலை. கலவை போடுவாள், செங்கல் சுமப்பாள், பூசிய சுவருக்குத் தண்ணீர் அடிப்பாள். பூசுகிற கரண்டியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை. மேஸ்திரி இருசப்பன் நாஷ்டாவுக்குப் போனால்கூடக் கரண்டியைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அவர்கள் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு விதைநெல் கம்பெனியின் கிளை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நெல் இருப்பு விவரமெல்லாம் சாயங்காலமானால் அதற்கென்று இழுத்திருந்த டெலிபோன் ஒயர் வழியாகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். எப்படிப் போகிறது என்று கிளை மேலாளர் ஆல்பர்ட்டுக்குத் தெரியாது. பட்டனை அழுத்துவார், போகும்.

ஒருநாள் காலை சென்னையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுவது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்திருந்த சமயம் அது. ‘கோப்பு அனுப்பும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை உள்ளது. அதன் வழியே அந்நியர் நுழையலாம். இன்று மாலைக்குள் ஒட்டுப் போட்டு முழுமையாக அடைக்கவும். தவறினால் நடவடிக்கை.’

மென்பொருள் என்ற சொல்லை ஆல்பர்ட் அதற்குமுன் பார்த்ததில்லை. மெத்தென்று இருக்கும் பொருள் என்று எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தது பழைய மண்சுவர், தொட்டாலே உதிரும். ஒயர் போவதற்காகப் போட்ட துளையைப் பெருச்சாளி பெரிதாக்கி, தினமும் உள்ளே வந்து விதைநெல்லைத் தின்றுகொண்டிருந்தது. சென்னையில் உட்கார்ந்தபடியே இதைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று அவருக்கு வியர்த்தது.

வெளியே ஓடினார். பாஞ்சாலி மட்டும் இருந்தாள்.

“மேஸ்திரி எங்கம்மா?”

“சாலவாக்கத்துல தளம் போடறாங்கன்னு போய்க்கீறாரு சார். நாளைக்குத்தான் வருவாரு.”

“அப்ப நீ வா. ஒரு ஓட்டைய அடைக்கணும்.”

“நான் சித்தாளு சார். கரண்டி புடிச்சதில்ல.”

ஆல்பர்ட் அதைக் காதில் வாங்கவில்லை. எதிர் இரும்புக்கடைக்குப் போய்ப் புதுக் கரண்டி ஒன்றை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். அது நினைத்ததைவிட லேசாக இருந்தது என்று பாஞ்சாலி பிற்பாடு சொல்வாள். யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்களோ என்று தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“ஓட்டைக்குள்ள ஒயரு போவுதே சார். அத்த இன்னா பண்றது?”

ஆல்பர்ட் ஃபேக்ஸை மறுபடி படித்தார். “முழுமையா அடைக்கச் சொல்லிக்கீது. ஒயரைப் பத்தி ஒண்ணும் இல்ல.” அவரே ஒயரை வெளிப்பக்கமாக உருவி எறிந்தார்.

பாஞ்சாலி செங்கல் துண்டுகளை அடுக்கி, கலவையை அடித்து இழைத்துக்கொண்டிருந்தபோது மேசை மேலிருந்த போன் அடித்தது. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மலர்க்கொடி.

“பேட்ச் போட்டாச்சா சார்?”

“போட்டுக்கினு கீறாங்க மேடம்.”

“யாரு?”

“பாஞ்சாலின்னு ஒருத்தங்க.”

“எந்த வெர்ஷன்?”

ஆல்பர்ட் போனைப் பொத்திக்கொண்டு பாஞ்சாலியைப் பார்த்தார். பிறகு, “மானாம்பதி” என்றார்.

மலர்க்கொடி எழுதிக்கொண்டாள். “சரி, முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.”

“ஈரம் காயட்டும் மேடம்.”

அந்த வாரமே எவனோ கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தான். மற்ற கிளைகள் இன்ஜினியரை வைத்துப் போட்ட ஒட்டிலேயே வேறொரு ஓட்டை இருந்திருக்கிறது. எல்லாக் கிளைகளிலும் நெல் ரகங்களின் பெயர்கள் அழிந்து, எல்லா மூட்டையும் கத்தரிக்காய் என்று பதிவாகியிருந்தது. உத்திரமேரூரில் மட்டும் நெல் நெல்லாகவே இருந்தது.

மலர்க்கொடி பஸ் ஏறி வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஆல்பர்ட்டிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘இக்கிளையின் அடைப்பு உறுதியாக உள்ளது’ என்று எழுதினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளும் மானாம்பதி முறையைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது.

பாஞ்சாலி தன் கரண்டியோடு மதுராந்தகம், செய்யாறு, செங்கல்பட்டு என்று பஸ்ஸில் போய் ஒவ்வொரு கிளையிலும் ஓட்டையை அடைத்தாள். ஓட்டை இல்லாத கிளைகளில் உத்தரவுக்காக முதலில் ஒன்று போட்டுப் பிறகு அடைக்க வேண்டியிருந்தது. நெல் விவரங்கள் சென்னைக்கு ஆள் மூலம் போகத் தொடங்கின.

இருசப்பனுக்குப் பொறுக்கவில்லை. “பொம்பள பூசன செவுரு எத்தினி நாளு நிக்கும்?” என்றார்.

“நின்னுகினுதான் கீது மேஸ்திரி. போயி இடிச்சிப் பாரு” என்றாள் பாஞ்சாலி. அதற்குப் பிறகு அவள் அவரிடம் சித்தாளாகப் போகவில்லை.

அடுத்த வருஷம் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம் நடத்தினார்கள். கம்பெனி சார்பில் பாஞ்சாலியைப் பேசக் கூப்பிட்டார்கள். சிமெண்டு பூசியபிறகு வெயில் ஏறுமுன் தண்ணீர் காட்டவேண்டும், அவசரப்பட்டால் வெடிப்பு விடும், வெடிப்பு விட்டால் எறும்பு முதலில் வரும் என்று பேசினாள். டை கட்டியவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, எறும்புக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

“மஞ்சத்தூளு போடுங்க சார்” என்றாள்.

அந்தத் தை மாசம் காலனியில் அம்முலு என்பவள் புதுசாகக் கட்டிய வீட்டுக்கு அவள்தான் கடைக்கால் போட்டாள். அவளிடம் வேலை செய்ய வந்த ஆண்கள் முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியபோது, அவர்களில் ஒருவன், “மேஸ்திரி, கலவை பத்துமா?” என்று கேட்டான். பாஞ்சாலி திரும்பி இருசப்பன் வந்துவிட்டாரா என்று பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“இன்னும் ரெண்டு சட்டி போடு” என்றாள்.