கஞ்சி போட்ட துணி

கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் வெள்ளைச் சட்டையை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். போட்டிருப்பவர் தங்கமான மனிதராக இருக்கலாம். அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில், கஞ்சியின் பேரால் ஒருவருடைய வேலை போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். அப்போது நான் அங்கே அறிவியல் ஆசிரியை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆத்திரம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் ஏழு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன ஒரு வருடத்தில் பள்ளிக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். அந்த மார்கழியில் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அவர் பார்த்துத் திருப்திப்பட்டு ஒரு வரி எழுதினால் அட்டெண்டருக்கு வேலை நிரந்தரமாகும். எழுதாவிட்டால் அடுத்த ஆய்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "நிரந்தரம்னு ஒரு வார்த்த வந்துட்டா போதும் டீச்சர், பிள்ளைகளத் தறிக்குழியில இறக்க மாட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதிகாரிக்குக் காட்டத் தலைமையாசிரியர் ஏதாவது புதுமையாக வேண்டும் என்றார். தவளையின் வளர்ச்சியை உயிரோடு காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். ஐப்பசி மழையில் கண்மாய் ஓரம் மிதந்த முட்டைகளை அட்டெண்டர் வாளியில் கொண்டுவந்தார். தலைப்பிரட்டைகள் கண்ணாடித் தொட்டியில் கீரையைத் தின்று வளர்ந்தன. வால் சுருங்கி மறைந்து கரையேறியதும்தான் வினை பிடித்தது. தட்டாம்பயறு அளவே இருந்த அந்தக் குட்டித் தவளைகள் அசையாத எதையும் தொடாது. அசைவதும் அவற்றின் வாயில் அடங்க வேண்டும். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயைத் தவிர வேறு வழியில்லை. கண்ணாடிப் பாட்டிலில் பழத்தையும் கொஞ்சம் கருப்பட்டியையும் போட்டு ஈ வளர்த்தோம். வளர்த்தது பெரிதில்லை, தொட்டிக்குள் நிறுத்துவதுதான் பெரும்பாடு. தொட்டியின் மேல் கம்பி வலை போட்டால் அதில் ஊருக்கே வழி இருந்தது. கொசுவலையை இரட்டையாக மடித்துக் கட்டினோம்; அதிலும் புகுந்து வந்து என் சாப்பாட்டு டப்பாவில் உட்கார்ந்தன.

அந்தத் தொல்லையை முடித்தவர் அட்டெண்டர்தான், நான் படித்த பட்டம் அல்ல. தம் தறியில் நெய்த மெல்லிய துணி ஒன்றைக் கொண்டுவந்தார். காற்று போகும், ஈ போகாது. நெய்த துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்குமே, அது போகச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, மூன்று தண்ணீரில் அலசி எடுத்திருந்தார். அதன் நடுவில் தம் மனைவியின் பழைய ரவிக்கையிலிருந்து ஒரு கையை வெட்டித் தைத்து, நுனியில் நாடா கோத்திருந்தார். ஈ பாட்டிலை முதலில் மண்பானைத் தண்ணீரில் சற்று நேரம் வைப்பார். குளிரில் ஈக்கள் சோம்பிப்போகும். பிறகு பாட்டிலோடு கையை அந்த ரவிக்கைக் கைக்குள் விட்டு, உள்ளே கவிழ்த்துத் தட்டிவிட்டு, வெளியே இழுத்து நாடாவை முடிந்துவிடுவார். ஒரு மாதம், ஓர் ஈகூட வெளியே வரவில்லை.

ஆய்வுக்கு முதல் நாள் தலைமையாசிரியர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் சட்டை மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும், அப்படிக் கஞ்சி. தொட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னலே இது, அழுக்குத் துணி? நல்லாக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, இஸ்திரி போட்டுக் கட்டு."

அட்டெண்டர் கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னார்: "ஐயா, கஞ்சி போட்ட துணியக் கரப்பான் விட்டுவைக்காதுங்கய்யா. இந்தக் கட்டடத்துல கரப்பான் நெறைய. எங்க வீட்டுல பாவு நூலையே உறியில தூக்கிக் கட்டித்தான் காப்பாத்துறோம். ஒரே ராத்திரியில ஓட்ட போட்டுரும்."

"ஒங்க வீட்டுத் தறிக்கதய இங்க யாரு கேட்டா? சொன்னதச் செய்யி!"

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அட்டெண்டர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். கரப்பானுக்கு மாவுச்சத்து பிடிக்கும் என்று பாடம் நடத்தியவளே நான்தான். எனக்கும் அப்போது தகுதிகாண் பருவம் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அட்டெண்டர் அன்றே துணிக்குக் கஞ்சி போட்டுக் கட்டினார். மறுநாள் காலை அவர் பயந்தபடியே ஆயிற்று. துணியில் ஏழெட்டு இடத்தில் ஓட்டை, உள்ளே தவளைகள் பட்டினி. பக்கத்து அறையில் அதிகாரிக்காக வைத்திருந்த கேசரியிலும் மலைவாழைப்பழத்திலும் ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. காப்பித் தம்ளருக்குள் இரண்டு மிதந்தன. "இதென்னய்யா, பள்ளிக்கூடமா பழக்கடையா?" என்று அதிகாரி எழுந்துவிட்டார். "யாரு இதுக்குப் பொறுப்பு?" தலைமையாசிரியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அவர் விரல் நேராக அட்டெண்டரைக் காட்டியது. நடந்தது தெரிந்த டீச்சர் ஒருத்தி அங்கே நிற்கிறாள், அவள் சொல்லுவாள் என்று நினைத்திருப்பார் போல, அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

மாலையில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு பக்க அறிக்கை. துணிக்குக் கஞ்சி போட்டால் கரப்பான் அரித்துவிடும் என்று அறிவியல் ஆசிரியை முன்கூட்டியே எச்சரித்தும், அட்டெண்டர் அதைச் சட்டை செய்யாமல் தன்னிச்சையாகக் கஞ்சி போட்டதால் இந்த அவமானம் நேர்ந்தது என்று அதில் இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையைப் பிடுங்கி என் வாயில் வைத்து, அதையே அவர் கழுத்துக்குக் கத்தியாக்கியிருந்தார்கள். என்ன அநியாயம்! திருட்டிலேயே இதைவிடக் கேவலமான திருட்டு எனக்குத் தெரியாது. "கையெழுத்துப் போடுங்கம்மா, ஒங்களுக்கு நல்ல பேருதான" என்றார் தலைமையாசிரியர், சிரித்தபடி. நான் போட்டேன். அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனாலும் திட்டத்தான் செய்வேன்.

அடுத்து அட்டெண்டரைக் கூப்பிட்டார்கள்; அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன டீச்சர் எழுதிருக்கு?"

தலைமையாசிரியர் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஈ தப்பிச்சுப் போச்சுன்னு எழுதிருக்கு" என்றேன். அது பொய்யில்லை என்று அன்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அவர் தாளின் அடியில் என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "டீச்சரே போட்டிருக்காக, பெறகென்ன" என்று சொல்லி, என் கையெழுத்துக்குக் கீழே, தமிழில், நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.