பதினோராவது ஓட்டு

ஆர்லா, நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு ஆண்டுகள் லாரிகளை நிறுத்துப் பார்த்தவள். கோதுமை கொண்டுவந்தவர் பாதிரியாரே ஆனாலும் அவர் எடை சேராமலிருக்கக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போடுவாள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். ஊரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த நவம்பரில் கவுண்டி என்னும் மாவட்டத்தின் குழுவுக்குத் தேர்தல் வந்தது. சாலைகளும் பனி தள்ளும் வண்டிகளும் அந்தக் குழுவின் கையில்தான். பக்கத்துப் பண்ணைக்கார டெல்பர்ட் போட்டியிட்டான். ஒருநாள் அவள் வாசலுக்கே வந்து, "நான் ஜெயிச்சா முதல் லோடு சரளை உன் பாதைக்குத்தான், ஆர்லா" என்றான்.

கேட்காமலே கொடுக்க வருகிறவன் எதையோ எடுக்கத்தான் வருகிறான் என்று அவளுக்குப் பட்டது. வாக்குச்சாவடியான தீயணைப்புக் கொட்டகையில், தடுப்புக்குப் பின்னால் நின்று, எதிராளியின் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை அழுத்தி நிரப்பினாள்.

டெல்பர்ட் ஜெயித்தான். ஆனால் சாவடிவாரியாக முடிவு பத்திரிகையில் வந்தபோதுதான் வினை பிறந்தது. அவர்கள் சாவடியில் மொத்தமே பதினோரு ஓட்டு. பத்து டெல்பர்ட்டுக்கு, ஒன்று எதிராக.

"டென்வர்க்காரனத் தவிர வேற யாரு?" என்றாள் காபிக்கடை லோயிஸ். இரண்டு வருடத்துக்கு முன் டென்வரிலிருந்து குடிவந்த கர்ட்டிஸைத்தான் சொன்னாள். "நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்துல பாதிய மிச்சம் வெச்சுட்டுப் போனவன்தானே? தட்டுல மிச்சம் வெக்கிறவன் ஓட்டுல வெக்கமாட்டானா?"

அதோடு, எதிரே வண்டியில் வருகிறவர்கள் கர்ட்டிஸைக் கண்டு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்குவது நின்றது. டிசம்பரில் முதல் பனி விழுந்தபோது, தள்ளும் வண்டி அவன் பாதையின் வாயிலேயே பனியைக் குவித்துவிட்டுப் போயிற்று. ஆர்லாவின் பாதையிலோ, சொன்னபடியே புதுச் சரளை. அதில் நடக்கும்போதெல்லாம் அவளுக்குக் கால் கூசியது.

ஒருநாள் காபிக்கடையில், எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டாள்: "அந்த ஓட்டு நான் போட்டது."

டெல்பர்ட் சிரித்தான். "நல்ல மனசு உனக்கு. அவனுக்காகப் பொய் சொல்ற."

"நான் பொய் சொல்லி எப்பவாவது பாத்திருக்கியா?"

"இல்ல. அதான் உனக்குச் சரியா வரல."

லோயிஸ் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அவன் உனக்கு என்னடி குடுத்தான்?"

ஆர்லா பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் கர்ட்டிஸின் பாதையில் கிடந்த பனியைத் தள்ளினாள். அவன் தூக்க உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"எதுக்கு இதெல்லாம்? என்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க?"

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. "ஒண்ணுமில்ல. டெல்பர்ட்டுக்கு எதிரா போட்டது நான். பழி உன் தலையில விழுந்திருச்சு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என் வாயப் புடுங்கிட்டு வரச் சொல்லி அவங்கதானே அனுப்பினாங்க?"

"நம்பாட்டிப் போ. காபி இருக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதவைத் திறந்தான். காபி கொடுத்தான், கோதுமை விலையையும் குளிரையும் பற்றிப் பேசினான். தேர்தலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மார்ச்சில் பனி நிற்கும்வரை அவன் பாதைப் பனியை ஆர்லாவே தள்ளினாள்.